மனசு வராத நாளில் எதுக்கு ஆராதனை?

இன்னைக்கு மைக் பக்கத்துல ஒரு சின்னப் புத்தகம் வெச்சிருக்கேன். அட்டை போய், பிரவுன் பேப்பர் போட்டு, அந்தப் பேப்பரும் கைபட்டுக் கறுத்துப்போன புத்தகம். அம்மாவோட ஆராதனை முறைப் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை கோயில்ல ஐயர் என்ன சொல்லணும், சபை என்ன பதில் சொல்லணும், எப்போ எழுந்து நிக்கணும், எப்போ முழங்கால் போடணும், எல்லாம் இதுல அச்சடிச்சிருக்கும்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். அங்க நாங்க சர்ச்சை 'கோயில்'னுதான் சொல்வோம், போதகரை 'ஐயர்'னுதான் சொல்வோம். இந்த எபிசோடு முழுக்க அப்படியேதான் பேசப்போறேன். குழம்பிக்காதீங்க.

பதினேழு வயசுல இந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். அடுத்த வரி என்னன்னு முன்னாடியே தெரியும், அதுக்கு அடுத்த வரியும் தெரியும். ஒருநாள் அம்மாகிட்டயே கேட்டுட்டேன். "அச்சடிச்சதை வாசிக்கிறது எப்படிம்மா ஜெபமாகும்? அர்த்தம் புரிஞ்சுதான் சொல்றீங்களா?" அம்மா அடுப்படியில இருந்து திரும்பிக்கூடப் பார்க்கல. "எய்யா, புரியுத அன்னைக்கு வாய்ல இருக்கணும்லா. அதுக்குத்தான் சொல்லி வச்சிருக்கேன்" அப்படின்னாங்க. அது ஒரு சமாளிப்புன்னு அன்னைக்கு நெனச்சேன். அது சமாளிப்பு இல்லைன்னு புரிய எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு.

இன்னைக்கு எபிசோடு அதைப் பத்திதான். எழுதி வெச்ச ஒரு ஆராதனைக்குள்ள, தலைமுறை தலைமுறையா எல்லாரும் சொல்ற அதே வார்த்தைகளுக்குள்ள, ஒரு தனி மனுஷனுக்கு 'இது என்னோடது'ங்கிற உணர்வு எப்படி வருது? நீங்க பூசைக்குப் போய் வளர்ந்த கத்தோலிக்கரா இருக்கலாம், சி.எஸ்.ஐ.யோ லூத்தரனோ இருந்து இப்போ விட்டவரா இருக்கலாம், கிறிஸ்தவத்துக்கே சம்பந்தம் இல்லாதவராவும் இருக்கலாம். சடங்குன்னா என்னன்னு யோசிச்சவங்க யாரும் இதைக் கேட்கலாம்.

கண்ணை மூடினால் கணக்கு ஓடுது

வேலைக்குச் சென்னை வந்ததும் நான் போன இடம் ஒரு பெரிய ஹால். டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு, திரையில பாட்டு வரி, மங்கலான வெளிச்சம். மூணு வருஷம் அங்க போனேன். அதைக் குறை சொல்ல நான் வரல. அங்க பாடின பாட்டுகள் சிலது இன்னும் பைக் ஓட்டும்போது என் வாயில வருது. முதல் முறையா கடவுள்கிட்ட என் சொந்த வார்த்தையில பேசக் கத்துக்கிட்டதும் அங்கதான்.

அப்புறம் அப்பா இறந்தார். அப்பா போன ஆறு மாசத்துல எனக்கும் அண்ணனுக்கும் வீட்டுப் பங்கு விஷயமா தகராறு. யார் சொன்னது சரி, யார் சொன்னது தப்புங்கிற கதைக்குள்ள போகல. ரெண்டு பேரும் சொல்லக்கூடாத வார்த்தை சொன்னோம். அதோட பேச்சு நின்னுபோச்சு.

அதுக்கப்புறம் அந்த ஹாலுக்குப் போனா என்னால கையை உயர்த்த முடியல. மேடையில இருந்தவர் நல்ல மனுஷன்தான். "இருதயத்தைத் திறந்து பாடுங்க"ன்னு சொல்வார். என் இருதயத்தைத் திறந்தா உள்ள பட்டா நம்பரும் சர்வே நம்பரும்தான் இருந்துச்சு. சுத்தி எல்லாரும் அழறாங்க. எனக்கு அழுகை வரல. வராததே ஒரு குற்றம் மாதிரி இருந்துச்சு. ஆராதனை என்பது என் மனசுல இருந்து பொங்கி வரணும்னா, மனசு வத்திப்போன நாள்ல நான் என்ன செய்றது?

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாலுக்குப் போகப் பிடிக்காம, வீட்டுக்குப் பக்கத்துல இருந்த ஒரு பழைய கோயில்ல போய்க் கடைசி பெஞ்சில உட்கார்ந்தேன். சின்ன வயசுல கேட்ட அதே வரிகள். என்னைக் கேட்காமலே என் வாய் பதில் சொல்லுச்சு. யாரும் என்னை 'உணர்ந்து சொல்லு'ன்னு சொல்லல. 'சபையார்'னு போட்டிருந்த இடத்துல சொன்னேன், நிக்கச் சொன்ன இடத்துல நின்னேன். வெளிய வரும்போது சந்தோஷம் ஒண்ணும் இல்ல. ஆனா ரொம்ப நாளுக்கு அப்புறம் மூச்சு கொஞ்சம் சீரா இருந்துச்சு.

லிட்டர்ஜி என்றால் என்ன?

இப்போ கொஞ்சம் பின்னணி. லிட்டர்ஜிங்கிற சொல் 'லெய்துர்கியா' என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து வருகிறது. பழைய ஏதென்ஸ் நகரத்தில் அதற்கு மதத்தோடு மட்டும் சம்பந்தம் கிடையாது. ஊருக்காகச் செய்யும் பொதுக் கடமைக்கு அந்தப் பெயர். வசதியான குடிமகன் ஒருவர் தன் செலவில் ஒரு போர்க்கப்பலைப் பராமரிப்பார், அல்லது திருவிழா நாடகத்துக்கு ஒரு பாட்டுக் குழுவைத் தயார் செய்வார். அதுதான் லெய்துர்கியா. நம்ம ஊர்ல திருவிழாவுக்கு ஒரு குடும்பம் ஒரு நாள் மண்டகப்படி எடுத்துச் செய்யும் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

எனக்கு இந்த ஒரு தகவலே பெரிய விடுதலையா இருந்துச்சு. மண்டகப்படிக்காரரை யாரும் "இன்னைக்கு உங்களுக்கு மூடு இருக்கா?"ன்னு கேட்கிறதில்ல. முறை வந்தா செய்யணும். நான் கோயிலுக்குப் போறது எனக்கு என்ன கிடைக்கும்னு பார்க்க மட்டும் இல்ல. அங்க எனக்கு ஒரு வேலையும் இருக்கு. பக்கத்துல இருக்கிறவருக்காக 'ஆமென்' சொல்ற வேலை.

ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? எழுதாத ஆராதனைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நான் போன ஹாலிலும் ஒரு முறை இருந்துச்சு. முதல்ல வேகமான பாட்டு ரெண்டு, அப்புறம் மெதுவான பாட்டு, கீபோர்டு மட்டும் ஓட ஒரு ஜெபம், காணிக்கை, செய்தி, கடைசியில முன்னாடி வரச் சொல்லும் அழைப்பு. வாரா வாரம் அதே வரிசைதான். வித்தியாசம் என்னன்னா, அது அச்சில இல்ல. அச்சில இருந்தா எனக்கு முன்கூட்டியே தெரியும், படிச்சுப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். மேடையில இருக்கிறவரோட அன்றைய மனநிலையை நம்பி நான் இருக்க வேண்டியதில்ல.

கையிலிருந்து கைக்கு ஒரு சமாதானம்

அம்மாவோட புத்தகத்துக்கு வர்றேன். இது தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. புத்தகம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இந்தத் திருச்சபை பிறந்தது. நாடு விடுதலையாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஏற்கெனவே பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் சேர்ந்து உருவாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, எல்லாரும் ஒன்றானார்கள். 1919இல் தரங்கம்பாடியில் நடந்த ஒரு கூட்டத்தில் தொடங்கிய பேச்சுவார்த்தை அது. ஒன்றாகி முடிக்க 28 வருஷம் ஆனது. அந்தக் கூட்டத்தில் முன்நின்றவர்களில் ஒருவரான பிஷப் வி.எஸ். அசரியா, ஒன்றிப்பைப் பார்க்காமலே 1945 ஜனவரியில் காலமாகிவிட்டார்.

ஒன்றானதும் ஒரு நடைமுறைச் சிக்கல். சேர்ந்து திருவிருந்து எடுக்கணும். அப்பத்தையும் ரசத்தையும் பகிர்ந்துகொள்ளும் அந்த ஆராதனைக்கு யார் முறையைப் பின்பற்றுவது? ஆங்கிலிக்கனுக்கு 1662ஆம் வருஷத்து ஜெபப் புத்தகம் உயிர். காங்கிரிகேஷனல் பின்னணியில் வந்தவருக்கு எழுதிவைத்த ஜெபமே உறுத்தல். அதனால் ஒரு குழு உட்கார்ந்து புதிதாக ஒரு முறையைத் தயாரித்தது. 1950இல் சென்னையில் கூடிய சினாடில் அது முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. 1963இல் வெளிவந்த பொது ஆராதனைப் புத்தகத்தில் அது இடம்பெற்றது.

அந்த முறையில் ரெண்டு விஷயம் அப்போது ரொம்பப் புதுசு. ஒன்று, ஐயர் திருவிருந்து மேசைக்குப் பின்னால், சபையைப் பார்த்து நிற்பார். கத்தோலிக்கப் பூசையில் இந்த வழக்கம் பரவலானது 1960களில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டித்தான். இரண்டாவது, 'சமாதானம்'.

சமாதானம்ங்கிறது ரொம்பப் பழைய சடங்கு. கி.பி. 155 வாக்கில் ரோமில் எழுதிய ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் ஜெபம் முடிந்ததும் ஒருவரை ஒருவர் முத்தமிட்டு வாழ்த்திய பிறகுதான் அப்பமும் பாத்திரமும் கொண்டுவரப்படும் என்று குறித்திருக்கிறார். காலப்போக்கில் மேற்கத்திய சபைகளில் அது மக்கள் கையை விட்டுப் போனது. 1662 ஜெபப் புத்தகத்தில் சபையார் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆனால் கேரளத்தில், தோமா கிறிஸ்தவர்களின் சிரியன் வழிபாட்டில் அது உயிரோடு இருந்தது. முத்தத்துக்குப் பதிலாகக் கைகளால் கொடுத்தார்கள். 1950இல் முறை எழுதியவர்கள் பக்கத்து வீட்டில் இருந்த அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். பின்னாட்களில் மற்ற நாட்டுச் சபைகள் தங்கள் முறைகளைத் திருத்தும்போது திரும்பிப் பார்த்த முறைகளில் இதுவும் ஒன்று.

எப்படிச் செய்யணும்னு புத்தகம் விளக்குது. ஐயர் தன் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். அவர் இறங்கி வந்து சபைக்குக் கொடுப்பார். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார். பிறகு ரெண்டு பேரும் தங்கள் இடது கையால் அடுத்தவரின் வலது கையை மூடுவார்கள். ஒரு நெருப்பைக் காத்துப்படாம மூடற மாதிரி. வாங்கினவர் திரும்பி அடுத்தவருக்குக் கொடுக்கணும். இன்னைக்குப் பல நகரக் கோயில்கள்ல இது வெறும் கும்பிடாவோ கைகுலுக்கலாவோ சுருங்கிடுச்சு. எங்க ஊர்ல அன்னைக்கு இப்படியேதான் நடந்துச்சு.

இன்னொண்ணு, இது வர்ற இடம். சமாதானம் முடிஞ்ச உடனேதான் காணிக்கை. அது தற்செயல் இல்லை. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வது இதுதான்: காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த இடத்தில் உன் சகோதரனுக்கு உன்மேல் ஏதாவது குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு. அந்த வசனத்தையே ஆராதனையில் ஒரு வேலையாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஈஸ்டர் விடியக்காலை

அண்ணனோட பேச்சு நின்னு ரெண்டு வருஷம். அம்மாவுக்காக ஈஸ்டருக்கு ஊருக்குப் போனேன். எங்க ஊர்ல ஈஸ்டர் ஆராதனை இருட்டோட ஆரம்பிக்கும். மூணு மணிக்கு முதல் மணி அடிக்கும்போது எந்திரிச்சு, கிணத்தடியில தலைக்கு ஊத்தி, வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கரண்ட் போயிடுச்சு. ஜெனரேட்டர் போடற வரைக்கும் மெழுகுவத்தி வெளிச்சம்தான். நான் ஒரு பெஞ்சோட ஓரத்துல, நடைபாதைப் பக்கமா உட்கார்ந்தேன்.

அண்ணன் எனக்கு முன் பெஞ்சில, அதே ஓரத்துல இருக்காருன்னு வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிஞ்சுது. அவருக்கு நான் பின்னாடி இருக்கிறது தெரியாது. எழுந்து வேற இடம் போகலாம்னு பார்த்தேன். கோயில் நிறைஞ்சிருந்துச்சு.

பாவ அறிக்கை வந்துச்சு. பாட்டு, வேதவாசிப்பு, பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், எல்லாம் வந்துச்சு. நான் புத்தகத்துல பக்கத்தை எண்ணிக்கிட்டு இருந்தேன். சமாதானத்துக்கு இன்னும் நாலு பக்கம். மூணு பக்கம். பாத்ரூம் போற மாதிரி வெளிய போயிடலாமான்னு யோசிச்சேன். உண்மையைச் சொல்றேன்.

ஐயர் கொடுத்தார். ஒரு பெரியவர் இறங்கி வந்து முதல் பெஞ்சு ஓரத்துல கொடுத்தார். ஒவ்வொருத்தரும் வாங்கித் திரும்பிப் பின்னாடி இருக்கிறவருக்குக் கொடுத்தாங்க. அண்ணனுக்கு வந்துச்சு. வாங்கினார். திரும்பினார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி அப்படியே நின்னுச்சு. அவருக்குப் பின்னாடி சபை முழுக்கக் காத்துக்கிட்டு இருக்கு. எனக்குப் பின்னாடி எட்டு பெஞ்சு இருக்கு. அவர் கொடுக்கலைன்னா அந்த எட்டு பெஞ்சுக்கும் போகாது. கையை நீட்டினார். நானும் நீட்டினேன். அண்ணன் டிராக்டர் ஒர்க்ஷாப் வெச்சிருக்கார். எவ்வளவு சோப்பு போட்டாலும் கிரீஸ் போகாத கை. அந்த சொரசொரப்பு அப்பாவோட கை மாதிரியே இருந்துச்சு. சொல்ல வேண்டிய வார்த்தை புத்தகத்துல இருந்துச்சு. அண்ணன் அதைச் சொன்னார், நான் பதில் சொன்னேன். அப்புறம் நான் திரும்பி எனக்குப் பின்னாடி இருந்த பையனுக்குக் கொடுத்தேன். அவ்வளவுதான். மொத்தம் நாலு செகண்டு இருக்கும்.

அந்த நேரத்துல எனக்கு அண்ணன் மேல பாசம் பொங்கி வரல. கோபம் அப்படியேதான் இருந்துச்சு. ஆனா கை நீட்டியாச்சு. மனசுக்கு முன்னாடி கை போயிடுச்சு. அதுக்கப்புறம் மனசுதான் கையைத் தேடி வர வேண்டியிருந்துச்சு.

ஆராதனை முடிஞ்சதும் அண்ணன் பேசாம பைக்கை எடுத்துட்டுப் போயிட்டார். மத்தியானம் அவரோட சின்ன மக ஒரு தூக்குவாளியோட வந்தா. கறிக்குழம்பு. "அப்பா குடுத்துட்டு வரச் சொன்னா" அப்படின்னா. அம்மா ஒண்ணும் கேட்கல. தட்டு எடுத்து வெச்சாங்க.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனா பட்டா இன்னும் பிரியல. போன மாசம்கூட போன்ல சத்தம் போட்டோம். ஆனா போன்ல பேசுறோம். சண்டை போடற அளவுக்குப் பேசுறோம்.

இதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். எனக்கு மனசு வரட்டும், அப்புறம் ஒப்புரவாகலாம்னு காத்திருந்தா நான் இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருப்பேன். அந்த வார்த்தையை நானே தேடணும்னாலும் எனக்குக் கிடைச்சிருக்காது. 'சாரி'ன்னு சொன்னா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டா நடிப்பு மாதிரி ஆயிடும். யாரோ எழுதி வெச்ச வார்த்தை, ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத வார்த்தை, அதனாலேயே ரெண்டு பேராலயும் சொல்ல முடிஞ்சுது. புரியுத அன்னைக்கு வாய்ல இருக்கணும்னு அம்மா சொன்னது இதைத்தான்.

நாம், நாங்கள், நான்

சென்னைக்குத் திரும்பி வந்து இந்தப் புத்தகத்தை முதல் முறையா ஒரு வாசகனா படிச்சேன். தமிழ்ல படிக்கிறவங்களுக்கு மட்டும் கிடைக்கிற ஒரு விஷயம் கண்ணில பட்டுச்சு.

தமிழில் 'நாம்', 'நாங்கள்' ரெண்டும் வேற. பேச்சைக் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. அவரை விட்டுவிட்டால் 'நாங்கள்'. ஐயர் சபையைப் பார்த்து ஜெபிக்க அழைக்கும்போது 'நாம்'. கடவுளைப் பார்த்துத் திரும்பிய உடனே 'நாங்கள்'. ஏன்னா, பாவத்தை அறிக்கையிடும்போது கேட்கிறவர் கடவுள். அந்தத் தப்பில் அவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் ஒவ்வொரு முறையும் நாம் யார் பக்கம் நிற்கிறோம், யாரைப் பார்த்து நிற்கிறோம் என்று இலக்கணமே காட்டிக்கொடுக்கிறது.

இந்த 'நாங்கள்' எனக்கு முதல்ல உறுத்துச்சு. நான் இந்த வாரம் திருடல, யாரையும் அடிக்கல. ஏன் எல்லாரோடும் சேர்ந்து அறிக்கை செய்யணும்? ஆனா அந்த ஈஸ்டருக்கு அப்புறம் வேற மாதிரி கேட்டுச்சு. முன் பெஞ்சில அண்ணனும் அதே 'நாங்கள்'ல இருந்தார். வக்கீல் நோட்டீஸ்ல 'வாதி', 'பிரதிவாதி'ன்னு பிரிஞ்சிருந்த எங்க ரெண்டு பேரையும் ஒரே எழுவாய்ல நிறுத்தி வெச்ச இடம் அது ஒண்ணுதான்.

அப்புறம் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் வரும்போது பன்மை போய் ஒருமை வரும். முந்நூறு பேர் சேர்ந்து சொல்றாங்க, ஆனா ஒவ்வொருத்தரும் தன்மை ஒருமையில சொல்றாங்க. கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சுக்கவும் முடியாது, தனியாப் பிரிஞ்சு நிக்கவும் முடியாது.

சங்கீதங்களும் இப்படித்தான். அட்டவணைப்படி எந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சங்கீதம்னு முன்கூட்டியே இருக்கும். நான் தேர்ந்தெடுத்தா என் மூடுக்கு ஏத்ததைத்தான் எடுப்பேன். சங்கீதங்கள்ல புலம்பல்கள் நிறைய. 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாம இருட்டுலயே முடியும். எனக்குப் பதவி உயர்வு கிடைச்ச வாரம் ஒரு புலம்பல் வந்தா, "இது எனக்கில்லையே"ன்னு தோணும். மூணாவது பெஞ்சில ஒரு அக்காவுக்கு அது தேவையா இருக்கும். அன்னைக்கு அவங்களுக்காக நான் சொல்றேன். அப்பா இறந்த மாசம் எனக்காக மத்தவங்க சந்தோஷச் சங்கீதத்தைச் சொன்ன மாதிரி.

பொய்யாய் நீட்டும் கைகள்

இங்க ஒரு கேள்வி வரணும். உங்கள்ல சிலர் கேட்டிருப்பீங்க. கை நீட்டினா போதுமா? ஞாயிற்றுக்கிழமை சமாதானம் கொடுத்துட்டுத் திங்கட்கிழமை சாதி பார்க்கிறவங்க இல்லையா?

இருக்காங்க. நம்ம சபைகளோட வரலாறே அதுக்குச் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் புராட்டஸ்டண்ட் சபைகளில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். திருவிருந்துக்கும் அதே வரிசைதான். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்காமல் நிறையப் பேர் சபையை விட்டே போனார்கள். வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர்கள் சாதிக்கு ஒரு பக்கமாக, ரெண்டு கைகள் மாதிரிப் பிரியும் ஒரு கோயிலையே கட்டினார்கள். இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் இருக்கும் ஊர்கள் உண்டு. அந்த ஊர்களிலும் ஆராதனை ஒழுங்காக நடக்கத்தான் செய்கிறது. அதனால் சடங்கு தானாக ஆளை மாத்திடும்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்வேன். சமாதானம் புத்தகத்துல இருக்கு. அது யாரோட தயவிலும் இல்ல. கடைசி பெஞ்சில உட்கார வைக்கப்பட்டவருக்கும் அந்தக் கையைக் கேட்க உரிமை இருக்கு. ஒருத்தர் கையை மடக்கினா, அவர் மடக்கினது எல்லார் கண்ணுக்கும் தெரியும். எழுதி வெச்ச முறை நம்மளை நல்லவங்களாக்காம போகலாம். நாம எங்க பொய் சொல்றோம்னு காட்டிக்கொடுக்காம விடாது. 1833இல் சபையை விட்டுப் போனவர்களுக்குப் பிரசங்கம் பிரச்சினை இல்லை. சேர்ந்து உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் குடிப்பதுதான் பிரச்சினை. சடங்கின் பலம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

திரும்பிப் போறவங்களுக்கு நாலு விஷயம்

பழைய ஆராதனைக்கு மறுபடி போய்ப் பார்க்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு, எனக்கு உதவினதைச் சொல்றேன்.

முதல்ல, சனிக்கிழமை ராத்திரி பத்து நிமிஷம் முறையைப் படிங்க. மறுநாள் என்ன வேதபாடம்னு பாருங்க. சினிமாவுக்கு டிரெய்லர் பார்க்கிற நாம இதுக்குத் தயாராகாமலே போய், போர் அடிக்குதுன்னு சொல்றோம்.

ரெண்டாவது, முழு ஆராதனையையும் உணரணும்னு முயற்சி பண்ணாதீங்க. யாராலயும் முடியாது. ஒரு மாசத்துக்கு ஒரு வரி எடுத்துக்கோங்க. மத்த வரிகளை வாய் பார்த்துக்கும். அந்த ஒரு வரியில மட்டும் நில்லுங்க.

மூணாவது, உடம்பைக் கவனிங்க. எப்போ நிக்கிறோம், எப்போ முழங்கால் போடறோம், எப்போ கையை ஏந்தறோம். அப்பம் வாங்கும்போது கையைக் கவனிங்க. நீங்களா எடுத்துக்கிறதில்ல. காலியான கையை நீட்டி வாங்கறீங்க. சம்பளம், லோன், இஎம்ஐன்னு எல்லாத்தையும் நாமே சம்பாதிச்சு எடுத்துக்கணும்னு ஓடற வாரத்துல, இலவசமா ஒண்ணை வாங்கப் பழக்கற இடம் அது.

நாலாவது, புரியாத வார்த்தையைப் போய்க் கேளுங்க. எங்க சென்னைக் கோயில்ல ஐயர்கிட்ட "ஏன் சமாதானம் காணிக்கைக்கு முன்னாடி வருது?"ன்னு கேட்டேன். அவர் ஆராதனை முடிஞ்சு ஒரு மணி நேரம் நின்னு சொல்லிக் கொடுத்தார். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லைன்னு சொன்னார்.

இதையெல்லாம் செஞ்சும் ஒண்ணும் தோணாத ஞாயிற்றுக்கிழமைகள் வரும். எனக்கு வருது. போன வாரம் பாவ அறிக்கை நேரத்துல நான் மதியம் பிரியாணி ஆர்டர் பண்றதைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஆனாலும் வாய் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. தேவைப்படற அன்னைக்கு அங்க இருக்கட்டும்.

அம்மாவோட புத்தகம் எப்படி என்கிட்ட வந்துச்சுன்னு சொல்லாம விட்டுட்டேன். அந்த ஈஸ்டர் முடிஞ்சு நான் சென்னைக்குக் கிளம்பும்போது பையில வெச்சாங்க. "உங்களுக்கு வேணாமாம்மா?"ன்னு கேட்டேன். "எனக்கு எதுக்குய்யா, அதான் எல்லாம் உள்ள இருக்கே" அப்படின்னாங்க. பஸ்ஸில திறந்து பார்த்தேன். சமாதானம் வர்ற பக்கத்தோட ஓரத்துல பென்சில்ல எங்க ரெண்டு பேர் பேரும் எழுதியிருந்துச்சு. அண்ணன் பேரு மேல, என் பேரு கீழ. ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஞாயிறும் அம்மா அந்தப் பக்கத்துல எங்களைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க வீட்டிலயும் இப்படி ஒரு புத்தகம் இருந்தா, ஜெபமாலையோ பாமாலையோ எதுவா இருந்தாலும், ஒருதடவை திறந்து ஓரங்கள்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.